கைவேலை தெரியும், வகுப்பு எடுத்துப் பிழைக்க முடியுமா?

பல வருடங்களாகக் குரோஷே (கொக்கி ஊசியால் நூலைப் பின்னும் கைவேலை) போடும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பார்ப்பவர்கள் எல்லாம் 'நீங்கள் வகுப்பு எடுக்கலாமே' என்கிறார்கள். எனக்கும் ஆசைதான். சான்றிதழ் எதுவும் கிடையாது, யாருக்கும் சொல்லிக்கொடுத்த பழக்கமும் இல்லை. இப்போது பார்க்கும் வேலையை விட்டுவிட்டு இதையே தொழிலாக வைத்துக்கொள்ளலாமா? எங்கிருந்து ஆரம்பிப்பது?" இதற்குள் மூன்று கேள்விகள் கலந்து கிடக்கின்றன. எனக்குச் சொல்லித்தர வருமா, என்னை நம்பிப் பணம் கட்டுவார்களா, அந்தப் பணத்தில் வீடு ஓடுமா. முதல் இரண்டுக்கும் பெரும்பாலும் ஆம் என்பதுதான் பதில். மூன்றாவதுதான் இழுக்கும். அது உங்கள் கைத்திறமையைவிட, வகுப்புக்கு முன்னால் வீட்டில் செய்யும் வேலையை எப்படி அமைத்துக்கொள்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

நான் நூல், துணி, காகிதம் சார்ந்த கைவேலைகளைப் பெரியவர்களுக்குச் சொல்லித்தருகிறேன். புதிதாக வகுப்பு தொடங்குகிறவர்களுக்குக் கூடமாட இருந்து உதவியும் இருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்துதான் பேசுகிறேன். நடனம், நீச்சல், யோகா போல உடம்பை வருத்தும் கலைகளுக்குப் பயிற்சி முறையும் பாதுகாப்பு விதிகளும் வேறு; இதை அப்படியே அங்கே பொருத்திப் பார்க்க வேண்டாம்.

முதலில், சொல்லித்தர வருமா என்பது. நன்றாகச் செய்யத் தெரிந்தவர் நன்றாகச் சொல்லித்தருவார் என்று நினைக்கிறோம். இது தானாக நடப்பதில்லை. சில நேரம் தலைகீழாகக்கூட இருக்கும். பால் ஃபிட்ஸ், மைக்கேல் போஸ்னர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1967ல் கைத்திறன் கற்பதை மூன்று கட்டங்களாகப் பிரித்தார்கள்: யோசித்து யோசித்துச் செய்யும் கட்டம், பிழைகள் குறைந்து ஒழுங்குக்கு வரும் கட்டம், கை தானாகவே செய்யும் கட்டம். நீங்கள் மூன்றாவதில் இருக்கிறீர்கள். உங்களிடம் வருபவர் முதலாவதில் இருக்கிறார். மூன்றாவதுக்கு வந்த கை, முதல் கட்டத்தில் எதை யோசித்தது என்பதை மறந்தே போயிருக்கும். "நூலைச் சும்மா இப்படி இழுங்கள்" என்று நீங்கள் சொல்லும் அந்த "சும்மா"வுக்குள் நாலைந்து அசைவுகள் ஒளிந்திருக்கும்.

இந்த மறதி எவ்வளவு பெரியது என்பதைக் காட்ட ஒரு பரிசோதனை உண்டு. 1990ல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்ற ஆய்வு மாணவி, சிலரைத் தெரிந்த பாட்டுகளின் தாளத்தை மேசையில் விரலால் தட்டச் சொன்னார். எதிரில் இருப்பவர் அது என்ன பாட்டு என்று கண்டுபிடிக்க வேண்டும். தட்டியவர்கள், பாதிப் பேராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று கணித்தார்கள். தட்டிய 120 பாட்டுகளில் சரியாகச் சொல்லப்பட்டவை 3 மட்டுமே. தட்டுகிறவர் தலைக்குள் பாட்டு முழுசாக ஓடுகிறது. எதிரில் இருப்பவருக்கு டொக் டொக் சத்தம்தான் கேட்கிறது. புதிதாக வகுப்பு எடுப்பவர்கள் பெரும்பாலும் தட்டுகிற நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இதற்கு மருந்து, உங்கள் கைகளை மேலிருந்து வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டிப் பார்ப்பது. ஒவ்வொரு அசைவையும் எழுதுங்கள். பிறகு அந்தக் காகிதத்தைக் குரோஷே அறியாத ஒருவரிடம் கொடுத்து, நீங்கள் வாயே திறக்காமல் அவர் செய்வதைப் பாருங்கள். அவர் நிற்கும் இடங்கள்தான் உங்கள் பாடத்திட்டம். இன்னொரு வழியும் உண்டு: வலது கைக்காரர் என்றால் இடது கையால் ஒரு துண்டு போட்டுப் பாருங்கள். பத்து நிமிடத்தில் முதல் கட்டத்துக்குத் திரும்பிவிடுவீர்கள், எரிச்சல் உட்பட.

குரோஷே வகுப்பையே உதாரணமாக எடுத்து கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம். புத்தகங்களில் வரிசை எப்படிப் போகும்? முதலில் சுருக்கு முடிச்சு, அப்புறம் சங்கிலி, அப்புறம் அந்தச் சங்கிலிக்குள் ஊசியை விட்டு முதல் வரிசை. செய்து முடிக்கும் வரிசை அதுதான். ஆனால் கற்றுக்கொள்பவருக்கு அதுதான் மிகவும் கொடுமையான வரிசை. சங்கிலி மெலிசாக முறுக்கிக்கொள்ளும், எந்த ஓட்டைக்குள் ஊசியை விடுவது என்று தெரியாது, பிடித்துக்கொள்ளத் துணியே இருக்காது. முதல் அரைமணி நேரத்திலேயே "எனக்கெல்லாம் இது வராது" என்று இரண்டு பேர் ஊசியைக் கீழே வைத்துவிடுவார்கள். அதனால் அனுபவப்பட்ட ஆசிரியர்கள் பலர், ஒவ்வொருவருக்கும் சங்கிலியும் முதல் இரண்டு வரிசையும் வீட்டிலேயே போட்டு எடுத்துவருவார்கள். வந்தவர் மூன்றாவது வரிசையிலிருந்து தொடங்குவார். கையில் பிடிக்கத் துணி இருக்கும், ஊசி நுழைய இடம் பளிச்சென்று தெரியும். தையல் கைக்கு வந்த பிறகு, கடைசியில் சங்கிலி போடக் கற்றுத்தரலாம். அப்போது அது சிரமமாகவே இருக்காது.

நூலும் அப்படித்தான். வெளிர் நிறம், வழவழப்பான, நடுத்தரத் தடிமன் உள்ள நூல், 5 மில்லிமீட்டர் ஊசி. கறுப்பு நூலில் தையலின் கண் தெரியாது. ரோமம் விட்ட நூலில் தப்பைப் பிரிக்கவும் முடியாது. அழகாக இருக்கிறது என்று அதையே தூக்கிக்கொண்டு வருபவர்கள் இருப்பார்கள். வருகிறவருக்குக் கொடுக்கும் பொருள் பொட்டலத்தில், அதாவது கிட்டில், நூலை நீங்களே வைத்துவிட்டால் இந்த வாக்குவாதமே வராது. அடுத்து, தொடங்குபவர்களின் துண்டு வரிசைக்கு வரிசை குறுகி முக்கோணமாகிக்கொண்டே போகும். காரணம் கைத்தவறு அல்ல, வரிசையின் கடைசித் தையலைப் பார்க்காமல் விட்டுவிடுவது. இது நடக்கும் என்று உங்களுக்கு முன்பே தெரியும் என்றால், ஓரத் தையல் ஒவ்வொன்றிலும் வேறு நிற நூல்துண்டு ஒன்றைக் கோர்த்துக் கொடுத்துவிடலாம். வரிசை முடிவில் அது கண்ணில் படும். சுமார் பத்துப் பேரில் ஒருவர் இடது கைக்காரராக இருப்பார். நீங்கள் வலது கைக்காரர் என்றால் அவரை எதிரில் உட்காரவைத்து உங்களைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் பார்த்துச் செய்யச் சொல்லுங்கள், மற்றவர்களைப் பக்கத்தில் உட்காரவையுங்கள். யார் தடுமாறினாலும் அவர் கையிலிருந்து வேலையைப் பிடுங்கிச் சரிசெய்து கொடுக்காதீர்கள். உங்களிடம் ஒரு தனித் துண்டு இருக்கட்டும். அதில் செய்து காட்டுங்கள், அவர் தன்னுடையதில் செய்யட்டும். துண்டு நேராக வருவதைவிட அவர் கை அந்த வழியாகப் போய்வருவது முக்கியம்.

இவை எல்லாம் வகுப்பறையில் நின்று தோன்றும் சமயோசிதம் அல்ல என்பதைக் கவனியுங்கள். முந்தின வாரமே வீட்டில் முடிந்துவிட்ட வேலை. வாட்டர்கலர் எடுப்பவருக்கு இது வேறு வடிவத்தில் வரும்: முதல் பூச்சு காயும்வரை எல்லோரும் சும்மா உட்கார்ந்திருக்கும் அந்த நேரத்தில் என்ன செய்யவைப்பது என்பதை முன்கூட்டியே தீர்மானித்திருக்க வேண்டும். மெலிந்த காகிதம் நனைந்ததும் நெளிந்துவிடும், 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) உள்ள தடித்த காகிதம் விலை கூடுதல் ஆனாலும் வகுப்பைக் காப்பாற்றும். மண்பாண்டம் என்றால், செய்ததை அன்றே வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது. காயவேண்டும், சூளையில் சுடவேண்டும், மெருகு பூசி மறுபடி சுடவேண்டும். அதைப் பணம் வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

எவ்வளவு செய்யவைத்தால் கையில் நிற்கும் என்பதில் ஆராய்ச்சி ஓரளவு கைகொடுக்கிறது. 1979ல் ஷே, மார்கன் என்ற இருவர், மூன்று விதமான கையசைவுகளைச் சிலருக்கு ஒவ்வொன்றாக முடித்து முடித்தும், சிலருக்குக் கலந்து கலந்தும் பழக்கினார்கள். பழகும்போது முதல் குழுதான் நன்றாகச் செய்தது. பத்து நாள் கழித்துச் சோதித்தபோது கலந்து பழகியவர்கள் முந்திவிட்டார்கள். அதாவது வகுப்பு வழுக்கிக்கொண்டு போவது, நன்றாகக் கற்றார்கள் என்பதற்கு அத்தாட்சி அல்ல. ஆனால் முதல்முறை ஊசி பிடிப்பவரை எடுத்த எடுப்பில் மூன்று தையல்களில் குழப்பினால் ஓடிவிடுவார். ஒன்று கைக்கு வந்த பிறகு கலப்பது என்பது என் பழக்கம். காப்ரியேலா வுல்ஃப் என்பவர் முன்வைத்த இன்னொரு கருத்தும் பிரபலம்: "மணிக்கட்டைத் திருப்புங்கள்" என்று உடம்பைச் சொல்வதைவிட, "ஊசியின் வாய் கீழே பார்க்கட்டும்" என்று பொருளைச் சொல்வது நன்றாக வேலைசெய்யும் என்பது. என் வகுப்பில் இது உதவுவதைப் பார்க்கிறேன். ஆனால் அந்த ஆய்வுகளில் பெரும்பகுதி விளையாட்டு சம்பந்தப்பட்டவை. அதன் பலன் சொல்லப்பட்ட அளவுக்குப் பெரியதா என்றும் சமீபகாலமாகக் கேள்வி எழுப்பியிருக்கிறார்கள். செலவில்லாத விஷயம், முயன்று பாருங்கள் என்ற அளவோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சான்றிதழுக்கு வருவோம். பொழுதுபோக்குக் கலை வகுப்புக்கு வருகிறவர் உங்கள் சுவரில் என்ன தொங்குகிறது என்று பார்ப்பது அபூர்வம். நீங்கள் செய்த பொருளையும், உங்களிடம் கற்றவர் செய்த பொருளையும்தான் பார்ப்பார். இரண்டாவதற்குத்தான் மதிப்பு அதிகம், அதனால் முதல் மாணவர்களின் கோணல்மாணலான துண்டுகளையும் அவர்கள் அனுமதியோடு படம் எடுத்து வையுங்கள். பெரியவர்கள் பரீட்சையும் பட்டமும் இல்லாமல் ஆர்வத்துக்காகக் கற்பது ஒன்றும் புதிதல்ல. டென்மார்க்கின் ரோடிங் ஊரில் 1844ல் தொடங்கிய முதல் மக்கள் உயர்பள்ளியிலிருந்து அந்த மரபு இன்றும் தேர்வே இல்லாமல் நடக்கிறது. ஆனால் இரண்டு இடங்களில் தாள் வேண்டியிருக்கும். பள்ளியோ அரசு நிறுவனமோ உங்களை ஆசிரியராக எடுக்க வேண்டும் என்றால் கேட்பார்கள். குழந்தைகளுக்கு எடுப்பதானால் குற்றப் பின்னணிச் சோதனை கேட்கும் நாடுகள் பல. இவை இரண்டும் உங்கள் திட்டத்தில் இல்லை என்றால், சான்றிதழுக்காக ஒரு வருடம் காத்திருக்காதீர்கள். பணம் செலவழித்துத்தான் தீருவேன் என்றால், முதலுதவிப் பயிற்சிக்குச் செலவழியுங்கள்.

பாதுகாப்பு பற்றிச் சுருக்கமாக, ஆனால் உறுதியாகச் சொல்ல வேண்டியவை சில. களிமண் தூளில் சிலிக்கா இருக்கும், மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும். தரையைத் துடைப்பத்தால் பெருக்கக் கூடாது, ஈரத்துணியால் துடைக்க வேண்டும். எபாக்சி ரெசின் (கலந்து ஊற்றினால் கெட்டியாகும் பிசின்) தோலில் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியது, கையுறையும் காற்றோட்டமும் இல்லாத அறையில் அந்த வகுப்பு வேண்டவே வேண்டாம். மெழுகைத் தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்துத்தான் உருக்க வேண்டும், தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. குழந்தைகள் இருக்கும் வகுப்பில் இன்னொரு பெரியவரும் கூட இருக்கட்டும். அடுத்தவர் வரைந்து விற்கும் பேட்டர்னை (செய்முறைக் குறிப்பும் படமும்) நகலெடுத்து வகுப்பில் விநியோகிக்காதீர்கள். தையல் முறை யாருக்கும் சொந்தமில்லை, ஆனால் அவர் எழுதிய குறிப்பும் வரைந்த படமும் அவருடையவை. விபத்துக் காப்பீடு, வரி, பதிவு இவை இடத்துக்கு இடம் மாறும். இதற்கு மட்டும் என்னைப் போன்றவர்களைக் கேட்காமல் உள்ளூர்க் கணக்கரைக் கேளுங்கள்.

இனி பணம். இரண்டு மணி நேர வகுப்பு, எட்டுப் பேர் என்று வைத்துக்கொள்வோம். நூலைச் சின்ன உருண்டைகளாகச் சுற்றி, முதல் வரிசைகளைப் போட்டு, கிட் கட்ட இரண்டு மணி நேரம். போய்வர, மேசை போட, எடுத்துவைக்க ஒன்றரை. விசாரிப்பவர்களுக்குப் பதில் சொல்ல, படம் போட, கணக்கு எழுத இன்னொரு ஒன்றரை. மொத்தம் ஏழு. எட்டுப் பேரின் கட்டணத்தில் இடவாடகை, பொருள் செலவு, பாதியில் கழன்றுகொள்ளும் ஒருவருக்கான கழிவு எல்லாம் போக மிச்சத்தை ஏழால் வகுங்கள். வருகிற எண்தான் உங்கள் உண்மையான மணிக்கூலி. இரண்டால் வகுத்துப் பார்த்து மகிழ்ந்தவர்கள்தான் ஆறு மாதத்தில் களைத்துப்போய் நிறுத்துகிறார்கள். இது நான் ஐயமில்லாமல் சொல்லக்கூடிய விஷயங்களில் ஒன்று.

இதிலிருந்தே அடுத்தது வருகிறது. புது வகுப்பு ஒன்றை முதல்முறை உருவாக்கும்போது இந்த ஏழுக்கு மேல் பல நாள் உழைப்பு போகும்: மாதிரி செய்ய, குறிப்பு எழுத, முயன்றுபார்க்க. அதே வகுப்பைப் பத்தாவது முறை எடுக்கும்போது அந்தச் செலவு கிட்டத்தட்ட இல்லை. ஆகவே இந்தத் தொழிலில் நிற்பவர்கள், இரண்டு மூன்று நல்ல வகுப்புகளை வைத்துக்கொண்டு அவற்றையே திரும்பத் திரும்ப எடுப்பவர்கள். மாதாமாதம் புதுசு புதுசாக அறிவிக்கிறவர்கள் அல்ல. உங்களுக்கு அலுக்கும், நிச்சயம் அலுக்கும். வருகிறவருக்கு அது முதல் தடவை. படைப்பூக்கம் உள்ளவர்களுக்கு இது கசப்பான செய்தி என்று தெரியும். அந்த ஊக்கத்தைச் சொந்த வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருநாள் வகுப்புக்கு வருகிறவர்களில் பலர் திரும்பி வர மாட்டார்கள். அவர்கள் ஒரு நல்ல சனிக்கிழமையைத் தேடி வந்தவர்கள். அதில் தப்பே இல்லை. சிலர் தொடர விரும்புவார்கள், அவர்களுக்கு நான்கு வாரத் தொடர் வகுப்பு ஒன்று தேதியோடு தயாராக இருக்க வேண்டும். வீட்டுக்குப் போன பிறகு அறிவித்தால் சூடு ஆறிவிடும். பணத்தை முன்கூட்டியே வாங்குங்கள், எத்தனை நாளுக்கு முன் சொன்னால் திருப்பித் தருவீர்கள் என்பதை எழுதிவையுங்கள், எத்தனை பேருக்குக் குறைந்தால் வகுப்பு நடக்காது என்பதையும் சேர்த்து. இலவச வகுப்பு வைத்துக் கூட்டம் சேர்க்கலாம் என்று தோன்றும். இலவசத்துக்குப் பெயர் கொடுத்தவர்களில் வராமல் விடுபவர்களே அதிகம் என்பது என் அனுபவம், மற்ற ஆசிரியர்களும் இதையே சொல்லிக் கேட்டிருக்கிறேன். பிறந்தநாள், அலுவலகக் குழு போன்றவர்களுக்கு எடுக்கும் தனி வகுப்பில் வருமானம் நன்றாக இருக்கும். அங்கே கற்பதைவிடக் கலகலப்புதான் நோக்கம் என்பதை ஏற்றுக்கொண்டு போக வேண்டும்.

சொந்தமாக இடம் பிடிப்பதா, ஏற்கெனவே வகுப்புகள் நடத்தும் சமூக மையம், நூல் கடை, நூலகம் இவற்றில் சேர்வதா என்றால், முதல் வருடம் இரண்டாவதுதான். பங்கு கொடுக்க வேண்டியிருக்கும், ஆனால் ஆள் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. அறை வாடகை உங்கள் தலையில் விழாது. ஆள் வராமல் ரத்தானால் உங்களுக்கு என்ன கிடைக்கும், நீங்கள் எழுதிய குறிப்புகள் யாருக்குச் சொந்தம், மாணவர்களை நீங்கள் நேரடியாகத் தொடர்புகொள்ளலாமா, இந்த மூன்றையும் முதலிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வீடியோ பாடம் பதிவுசெய்து விற்பது பற்றி இத்தனை உறுதியாகச் சொல்ல மாட்டேன். சிலருக்கு நன்றாக ஓடுகிறது, பலருக்கு ஓடுவதில்லை, எது வித்தியாசப்படுத்துகிறது என்பதில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். நேரில் ஒரே வகுப்பை நிறையத் தடவை எடுத்து, எங்கே தடுமாறுவார்கள் என்று தெரிந்த பிறகு பதிவுசெய்த பாடம் மட்டும் தரமாக வருகிறது.

வேலையை விடலாமா? இப்போது வேண்டாம். ஒரு முழு வருடம் பக்கவேலையாக நடத்துங்கள். விடுமுறை, தேர்வு, பண்டிகை மாதங்களில் கூட்டம் ஏறி இறங்குவதை ஒருமுறை முழுசாகப் பார்க்காமல் வருமானத்தைக் கணிக்க முடியாது. அந்த ஏழால் வகுத்த எண், வருடக் கடைசியில் உங்கள் தற்போதைய மணிச் சம்பளத்தை நெருங்கியிருந்தால், வேலை நாட்களைக் குறைத்துக்கொள்ள முடியுமா என்று முதலில் கேளுங்கள். நெருங்கவில்லை என்றால் வார இறுதி ஆசிரியராகவே இருங்கள். எனக்குத் தெரிந்த நல்ல ஆசிரியர்களில் பாதிப் பேர் அப்படித்தான் இருக்கிறார்கள்.

தொடங்குவது இப்படி: நான்கு பேர், அதில் குறைந்தது இருவர் உங்களை முன்பின் அறியாதவர்கள், இரண்டு மணி நேரம், பொருள் செலவுக்கு மேல் கொஞ்சமாவது கட்டணம். அன்றே முடித்து எடுத்துப்போகக்கூடிய ஒரு சின்னப் பொருள். முடிந்ததும் "பிடித்ததா" என்று கேட்காதீர்கள், எல்லோரும் பிடித்தது என்றுதான் சொல்வார்கள். ஒரு வாரம் கழித்து ஒவ்வொருவரிடமும் "வீட்டில் எடுத்துப் போட்டீர்களா, எந்த இடத்தில் நின்றது?" என்று கேளுங்கள். இருவர் ஒரே இடத்தைச் சொன்னால், அடுத்த வகுப்புக்கு முன் அந்த இடத்தை மாற்றி எழுதுங்கள்.